தொப்பியில் இரண்டு பொத்தான்

நீலகிரியில் பழைய வீடுகளின் சுவரில் ராணுவ உடுப்புப் படம் ஒன்று தொங்கினால், "நேதாஜி படையில இருந்தவர்" என்று சொல்லக் கேட்கலாம். மலேயா, பர்மா போய் வந்த குடும்பங்கள் இங்கே உண்டு, அதனால் நம்ப முடியாத கதையில்லை. சிக்கல், நேதாஜியின் பெயரோடு இணைந்த படைகள் இரண்டு என்பதுதான். ஒன்று நமக்குத் தெரிந்த இந்திய தேசிய ராணுவம். மலேயாத் தோட்டத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்தது அதில். இன்னொன்று ஐரோப்பாவில், ஜெர்மன் ராணுவத்தின் 950-ஆம் காலாட்படை ரெஜிமென்ட்டாக இருந்த 'சுதந்திர இந்தியா' படை. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு 1942-இல் உருவானது. இது போதாதென்று எதிர்ப்பக்கத்தில், ரோம்மலோடு மோதிய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலும் தமிழர்கள் இருந்தார்கள்.

இந்த மூன்றில் எது என்பதற்கு விடை பெரும்பாலும் படத்தில் இருப்பவரின் தலையில் இருக்கிறது.

தேசிய ராணுவத்தின் வழக்கமான தொப்பி, பிரிட்டிஷ் கையிருப்பிலிருந்து வந்த காக்கித் தொப்பி. படகுபோல மடிந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், முன்விளிம்பு கிடையாது. ஜெர்மானியர்கள் 1940-இல் வெப்ப நாடுகளுக்கென்று தைத்த தொப்பியில் நீண்ட முன்விளிம்பு உண்டு. ஆலிவ் நிறப் பருத்தித் துணி, உள்ளே சிவப்பு லைனிங், பக்கத்துக்கு இரண்டு காற்றுத் துளைகள். சுற்றிலும் மடிப்பு ஒன்று தெரியும். அது பொய் மடிப்பு, கீழே இறக்க முடியாதபடி தைக்கப்பட்டது. ஐரோப்பியக் குளிருக்காக 1943-இல் வந்த கம்பளித் தொப்பியிலோ மடிப்பு நிஜமானது. அதை இறக்கிக் காதை மூடிக்கொள்ளலாம், அதனால் முன்னால் பொத்தான் வேண்டும், பெரும்பாலும் இரண்டு. மங்கிய படத்திலும் அந்த இரண்டு புள்ளிகள் தெரிந்தால், 1943-க்கு முந்தைய ஆப்பிரிக்கப் படம் என்ற கதையைக் கைவிட வேண்டியதுதான்.

அதிகாரியின் தொப்பியில் உச்சி ஓரத்தில் அலுமினிய நிற வரி ஓடும். விமானப்படைக்காரருடையது வேறு துணி, வெளிர்மண் நிறம், கழுகும் வேறு. ராணுவக் கழுகு சிறகை நேராக விரித்து நிற்கும், விமானப்படைக் கழுகு பறக்கும்.

உண்மையான தலைவலி தொப்பியின் முன்புறம் தைத்த தலைகீழ் 'வி' வடிவப் பட்டிதான். அதன் நிறம் படைப்பிரிவைச் சொல்லும்: காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப் படைக்குச் சிவப்பு, பொறியாளர் பிரிவுக்குக் கறுப்பு, வாகனப் பிரிவுக்கு வெளிர்நீலம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தைப் படிக்க, அது எந்த பிலிம் என்று முதலில் கேட்க வேண்டும். அக்காலத்தில் அக்ஃபா 'ஐசோக்ரோம்', 'ஐசோபான்' என இரண்டு வகையும் விற்றது. முதலாவது சிவப்பைப் பார்க்காது, நீலத்தை அதிகமாகப் பார்க்கும். அதில் பீரங்கிக்காரரின் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகும், வாகன ஓட்டியின் நீலம் காலாட்படையின் வெள்ளையாகும். ஊட்டி இந்து நகர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1967 முதல் பிலிம் தயாரித்து, இன்று மூடிக்கிடக்கும் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கேதான் இருந்தது. சிவப்பு விளக்கு போட்ட இருட்டறையில் கையாண்டாலும் சில பிலிம்கள் கெடாது. காரணம் இதேதான்.

அந்தப் பட்டியை எடுத்துவிடச் சொல்லி 1942 செப்டம்பரில் உத்தரவு வந்தது. உடனே 'பட்டி இருந்தால் 1942-க்கு முன்' என்று விதி எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. பாலைவனத்தில் பழைய தொப்பியைப் பிரித்துத் தைக்க யாருக்கு நேரம்? பட்டியோடு இருப்பது உத்தரவுக்குப் பின்னரும் எடுத்த படமாகலாம். பட்டியில்லாதது, அதற்கு முன்பே பட்டி உதிர்ந்த தொப்பியாகவும் இருக்கலாம். பொத்தான் தரும் உறுதியைப் பட்டி தராது.

ஐரோப்பிய இந்தியப் படைக்காரர் என்றால் தொப்பியோடு கையையும் பார்க்க வேண்டும். சீக்கியர்கள் தலைப்பாகைதான் கட்டினார்கள், மற்றவர்கள் ஜெர்மன் தொப்பி. எல்லோருக்கும் வலது மேற்கையில் பாயும் புலிச் சின்னம். புலி இடது கையில் தெரிந்தால், நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள். ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 2008-இல் விக்கிமீடியாவுக்குத் தந்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் இவர்களுடையவையும் உண்டு. அவற்றின் பழைய படக்குறிப்புகள் பிரச்சாரப் பிரிவு எழுதியவை, பிழையும் சாய்வும் இருக்கலாம் என்று காப்பகமே எச்சரிக்கிறது. குறிப்பைவிடத் தொப்பியை நம்புவது மேல்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. அதே பிப்ரவரியில் பிரான்ஸ் கடற்கரையில் ரோம்மல் 950-ஆம் ரெஜிமென்ட்டைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். போர் முடிந்ததும் அந்த ரெஜிமென்ட்காரர்கள் கைதிகளாகவே ஊர் திரும்பினார்கள். ஒருவர் படத்துக்கு அடியில் இன்னொருவர் கதையை எழுதினால் இருவருக்கும் அநியாயம்.

இப்போது பழைய படத்துக்கு நிறமேற்றும் செயலிகள் நிறைய வந்துவிட்டன. அவை சாம்பல் நிறத்தைப் பார்த்து ஊகிக்கின்றன, எந்த பிலிம் என்று கேட்பதில்லை. பட்டிக்கு ஒரு வண்ணத்தைப் பூசி, பொத்தானைக் கறை என்று துடைத்தும் விடக்கூடும். வீட்டில் அப்படியொரு படம் இருந்தால் முதலில் சட்டத்திலிருந்து பக்குவமாகக் கழற்றி, 1200 டிபிஐ-இல் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும்.