பழைய கிராமபோன் தட்டுகளைத் தேடும் வழி: குர்லாவை முன்வைத்து

முன்னுரை

கிராமபோன் தட்டு இசை ஆய்வாளர்க்கு உரிய பொருள் என்னும் கருத்து தமிழ் ஆய்வுலகில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. தமிழில் அதற்கு வழங்கும் ‘இசைத்தட்டு’ என்னும் பெயரும் இக்கருத்தை வலுப்படுத்துகிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெளிவந்த தமிழ்த் தட்டுகளில் நாடக உரையாடல், நகைச்சுவைப் பேச்சு, கதாகாலட்சேபம் ஆகியனவும் இடம்பெற்றன. தமிழ்ப் பேச்சொலிக்கு நாடா ஒலிப்பதிவு பரவுவதற்கு முன் கிடைக்கும் சான்றுகள் மிகச் சிலவே. அவற்றுள் இத்தட்டுகள் தலையாயவை.

மும்பையின் குர்லா பகுதியில் வாழும் மொழி மாணவர் ஒருவர் புதிதாகத் தட்டுகளைத் தொகுக்கத் தொடங்கினால் எங்கே வாங்கலாம், எவற்றை முதலில் வாங்க வேண்டும் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தட்டுகள் உருவாகி, வீடுகளை அடைந்து, அங்கிருந்து வெளியேறிய வரலாற்றை அறிந்தாலன்றி இவ்விரண்டிற்கும் விடை காண இயலாது.

1. சொல்லும் பொருளும்

தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘பிளேட்டு’, ‘ரெக்கார்டு’ என்னும் இரு கடன்சொற்களும் தட்டைக் குறித்தன. ‘ரெக்கார்டு டான்ஸ்’, ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்னும் தொடர்களில் பின்னது இன்றும் வாழ்கிறது. எழுத்து வழக்கில் ‘இசைத்தட்டு’ நிலைபெற்றது.

மராத்தியில் இப்பொருளுக்குத் ‘தபகடி’ என்றும், உயர்வழக்கில் ‘த்வனிமுத்ரிகா’ என்றும் பெயர். முன்னது வடிவத்தால் வந்தது. பின்னது ஒலியைப் பதித்தமையால் வந்தது. இந்தியில் ‘ரிகார்ட்’ என்பதோடு ‘தவா’ என்னும் சொல்லும் வழங்கியது. கரிய வட்ட வடிவத்தால் ரொட்டி சுடும் இரும்புக் கல்லின் பெயர் தட்டுக்கும் ஆயிற்று. இச்சொற்களுள் எதுவும் உள்ளடக்கத்தை இசை என்று வரையறுக்கவில்லை. தமிழ்ச் சொல் மட்டுமே அவ்வாறு வரையறுக்கிறது. ஆகவே இக்கட்டுரை பேச்சு அடங்கிய தட்டுகளைப் ‘பேச்சுத்தட்டு’ என வேறுபடுத்திக் கூறுகிறது. இச்சொற்கள் மும்பையில் தேடுபவர்க்கு நடைமுறையிலும் பயன்படும். கடைக்காரரிடம் ‘இசைத்தட்டு’ என்றால் விளங்காது. ‘தபகடி’ அல்லது ‘புரானா ரிகார்ட்’ என்றே கேட்க வேண்டும்.

2. தட்டுகள் வந்த வழி

எமில் பெர்லினர் 1887-இல் தட்டை வடிவக் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரினார். 1898-இல் இலண்டனில் கிராமபோன் கம்பெனி நிறுவப்பெற்றது. அதன் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் இந்தியக் கலைஞர்களைப் பதிவு செய்தார். அப்போது பாடியவர்களுள் ஒருவரான கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார். மூலப்பதிவுகள் செருமனியின் ஹனோவருக்குச் சென்று தட்டுகளாக அச்சிடப்பெற்றன. பாடியவரை அங்குள்ளோர் அடையாளம் காண இவ்வறிவிப்பு உதவியது என விளக்குவர். இந்தியத் தட்டு வரலாற்றின் தொடக்கத்திலேயே பாட்டோடு பேச்சும் பதிவாயிற்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலை தொடங்கியது. பின்னர் அது டம்டமுக்கு மாறியது. தட்டின் மூலப்பொருளாகிய அரக்கு இந்தியாவிலிருந்தே உலகெங்கும் சென்றது. 1925-ஐ ஒட்டி மின்வழிப் பதிவுமுறை வந்தபின் ஒலித்தெளிவு கூடியது. தமிழகத்தில் தட்டு வணிகம் 1930களில் பெருகியது. ஏ.வி. மெய்யப்பன் பங்குதாரராக இருந்த சென்னைச் சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் முத்திரையில் தட்டுகளை வெளியிட்டது. எச்.எம்.வி., கொலம்பியா ஆகிய முத்திரைகளிலும் தமிழ்த் தட்டுகள் வந்தன. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். எனவே ஒரு நாடகத்தைத் தர வேண்டுமாயின் பல தட்டுகள் வேண்டும். இவ்வாறு எழுந்ததே ‘டிராமா செட்’ எனப்பெற்ற நாடகத் தொகுதி. பாட்டுகளின் சொற்களை அச்சிட்ட கிராமபோன் பாட்டுப் புத்தகங்களும் உடன் வழங்கின.

நிமிடத்திற்கு 78 சுற்று ஓடும் இத்தட்டுகள் மேனாடுகளில் 1950களிலேயே மறையத் தொடங்கின. 1948-இல் 33⅓ சுற்று நெடுந்தட்டும் 1949-இல் 45 சுற்றுச் சிறுதட்டும் அறிமுகமானமையே காரணம். இந்தியாவில் 1970-ஐ ஒட்டிய காலம் வரையும் 78 சுற்றுத் தட்டுகள் வெளிவந்தன. எனவே ஒப்பீட்டளவில் பிற்பட்ட தட்டுகளும் இங்குக் கிடைக்கின்றன.

3. மும்பையில் தேடுமிடங்கள்

மாட்டுங்காவில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அலுவலகப் பணியை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் செறிந்தன. தாராவியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தோல் தொழிலாளர் முதலியோர் குடியேறினர். செம்பூர் பின்னர் வளர்ந்தது. இம்மூன்றிற்கும் நடுவில், மத்திய இருப்புப்பாதையும் துறைமுகப் பாதையும் கூடுமிடத்தில் குர்லா அமைந்துள்ளது. அங்கிருந்து தெற்கே சயான், மாட்டுங்கா நிலையங்களும், துறைமுகப் பாதையில் திலக் நகர், செம்பூர் நிலையங்களும் அடுத்தடுத்து உள்ளன.

தேடலை இவ்வீடுகளிலிருந்தே தொடங்குதல் நலம். தட்டு கடைக்குச் செல்லுமுன் அதன் வரலாறு வீட்டில் இருக்கிறது. யார் வாங்கினார், எந்த ஊரிலிருந்து கொணர்ந்தார், யார் கேட்டார் என்பன கைமாறும் முதற்கணத்திலேயே அழிந்துவிடும். பழைய கட்டடங்கள் இடிக்கப்பெற்று மறுகட்டமைப்பு நிகழும்போது கனமான பெட்டியும் தட்டுகளும் முதலில் வெளியேற்றப்படும். சங்கீத சபைகளிலும் தமிழ்ச் சங்கங்களிலும் வயது முதிர்ந்த உறுப்பினர்களிடம் வினவினால் இத்தகைய வீடுகளை அறியலாம்.

இரண்டாவது இடம் பழம்பொருள் வணிகம். மும்பையில் ‘ரத்திவாலா’ தாளையும் ‘பங்கார்வாலா’ பிற கழிபொருளையும் வாங்குவர். தமிழகத்தில் ‘காயலான் கடை’ என்னும் பெயர் காயல்பட்டினத்து வணிகரோடு இணைத்துக் கூறப்பெறும். தாராவியிலும் குர்லாவிலும் கழிபொருளைத் தரம் பிரிக்கும் தொழில் பெரிதாக நடைபெறுகிறது. உலோகத்திற்கும் நெகிழிக்கும் அங்கு விலை உண்டு. அரக்கோடு கல்தூள் கலந்து செய்த பழைய தட்டு இரண்டிலும் சேராது. எனவே கிராமபோன் பெட்டியின் உலோக உறுப்புகள் விலைபோக, தட்டுகள் குப்பையில் சேரும் வாய்ப்பு மிகுதி. பங்கார் வணிகரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதே இதற்கு வழி.

மூன்றாவது இடம் பெண்டி பஜாரை அடுத்த சோர் பஜார். குர்லாவிலிருந்து சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையத்தில் இறங்கி நடந்து செல்லலாம். இதன் மட்டன் தெருவில் பழம்பொருள் கடைகள் உள்ளன. வெள்ளிக்கிழமைகளில் நிலையான கடைகள் மூடியிருக்க, தெருவில் விடியற்காலை ஜும்மா சந்தை கூடும். பேரோசையைக் குறிக்கும் ‘ஷோர்’ என்பது ‘சோர்’ எனத் திரிந்து கள்வர் சந்தை என்னும் பொருள் பெற்றதாகக் கூறுவர். இவ்விளக்கத்தை நாட்டார் சொற்பிறப்பு என்ற அளவிலேயே கொள்ளல் வேண்டும். இங்கு இந்தித் திரைப்பாடல்களையும் இந்துஸ்தானி இசையையும் நாடுவோர் மிகுதி. தமிழெழுத்துப் பெயர்ச்சீட்டைப் படிக்க இயலாத வணிகர்க்குத் தமிழ்த் தட்டு பெயரற்ற ஒன்றே. இதனால் அதன் விலை குறையலாம். அதே காரணத்தால் அது பேணப்படாமலும் போகலாம்.

புதுத்தட்டு விற்பனை நிலையங்களை நம்பியிருக்கும் காலம் கடந்துவிட்டது. காலாகோடாவில் பெயர்பெற்று விளங்கிய ரிதம் ஹவுஸ் 2016-இல் மூடப்பெற்றது. சென்னையில் பழைய நூல்களுக்கும் தட்டுகளுக்கும் இடமளித்த மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாயிற்று. ஊருக்குச் செல்வோர் இன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைக் காணலாம். இவற்றோடு, 1990-இல் மும்பையில் தோன்றிய இந்தியத் தட்டுத் தொகுப்பாளர் கழகத்தின் ‘தி ரெக்கார்டு நியூஸ்’ இதழ்களும் தொடக்க நிலையினர்க்கு இன்றியமையாதவை. வாங்குவதற்கு முன் அறிய வேண்டுவன அவற்றில் உள்ளன.

4. வாங்குமுன் நோக்க வேண்டுவன

தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழை விரிசல் தெரியும். பள்ளங்கள் சாம்பல் நிறமாக மாறியிருந்தால் தேய்மானம் மிகுதி. எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்திற்கும் மாற்ற வேண்டும் என்னும் விதியைப் பலர் பின்பற்றாமையால் விளைந்த சேதம் இது. இசைவிரும்பி விலக்கும் தேய்ந்த தட்டையும் மொழி ஆய்வாளர் விலக்க வேண்டியதில்லை. சொல் கேட்குமாயின் அது சான்றாகும்.

சீட்டில் உள்ள எண்ணோடு, பள்ளங்கள் முடிந்து சீட்டுத் தொடங்கும் இடைவெளியில் பொறித்துள்ள மூலப்பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பதிவு வெவ்வேறு சீட்டு எண்ணில் மறுபடி வெளிவந்திருக்கலாம். நாடகத் தொகுதியில் ஒரு தட்டு மட்டும் கிடைத்தாலும் விடலாகாது. எஞ்சியவற்றை எண்களைக் கொண்டு தேடலாம். பாட்டுப் புத்தகம் கிடைப்பின் தட்டோடு சேர்த்தே வாங்க வேண்டும். அச்சுத் தமிழும் ஒலித்த தமிழும் வேறுபடும் இடங்களை இணைத்துக் காண இதனினும் எளிய கருவி இல்லை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய பாட்டுப் புத்தகங்களைக் காணலாம்.

அரக்குத் தட்டைச் சாராயக் கலவையால் துடைத்தல் கூடாது. அரக்கு அதில் கரையும். நெடுந்தட்டுக்குரிய மெல்லிய ஊசியால் 78 சுற்றுத் தட்டை ஓட்டுதலும் பொருந்தாது. தட்டுகளைக் கிடையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும்.

5. சான்றுமதிப்பும் அதன் எல்லையும்

தட்டின் ஒலியை அப்படியே அக்காலப் பேச்செனக் கொள்ளல் பிழை. 1925-க்கு முற்பட்ட கூம்புவழிப் பதிவுகளில் ஏறத்தாழ 2500 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் பதிவாகவில்லை. சகர, ஸகர, ஷகர வேறுபாடு இவ்வெல்லைக்கு மேலேயே மிகுதியும் அமைகிறது. ஆகவே இவ்வொலிகளைப் பற்றி அத்தட்டுகளைக் கொண்டு முடிவு கூறுதல் தகாது. உயிரொலி நீட்டம், சந்தி, சொல்லீற்று உகரம், தொடரின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றுக்கு அவை பயன்படும்.

சுழல்வேகமும் கருதத்தக்கது. முற்காலத் தட்டுகள் அனைத்தும் 78 சுற்றில் பதிவானவை அல்ல. 72 சுற்றில் பதிவானதை 78-இல் ஓட்டினால் சுருதியும் பேச்சு விரைவும் ஏறத்தாழ 8 விழுக்காடு கூடும். நீட்ட அளவுகளைக் கூறும் ஆய்வாளர் எந்த வேகத்தில் கேட்டார் என்பதையும் கூற வேண்டும். அன்றியும், கூம்பின் முன் உரத்துப் பேசிய நடிகரின் பேச்சு மேடைப் பேச்சே, வீட்டுப் பேச்சன்று. எனினும் நகைச்சுவைத் தட்டில் ஒரு வட்டார வழக்கைப் போலிசெய்யும் நடிகர், அவ்வழக்கின் எந்தக் கூற்றைக் கேட்போர் உடனே இனங்காண்பர் என்பதைக் காட்டுகிறார். இதுவும் சமூக மொழியியலுக்குச் சான்றே.

கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பை ஒட்டித் தயாரான தட்டுகளையும் இங்கு நினைவுகூர வேண்டும். பல மொழி பேசுவோரைக் கொண்டு கெட்ட குமாரன் உவமையை அவரவர் மொழியில் சொல்லச் செய்து பதிந்தனர். சென்னை மாகாண மொழிகளும் இம்முயற்சியில் இடம்பெற்றன. இவை கடையில் விற்பதற்கென எழுந்தவை அல்ல. இவற்றின் ஒலிவடிவத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகம் வழங்கியுள்ளது. மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரே கதையின் பல வடிவங்களை ஒலியோடு ஒப்பிட இதனால் இயலும். அரசு பதிந்த பேச்சு இவ்வாறு காக்கப்பெற்றது. வணிகர் பதிந்த பேச்சைக் காக்கும் பொறுப்பு தொகுப்பாளரையே சார்கிறது.

உரிமை பற்றியும் ஒரு சொல். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியிட்ட ஆண்டின் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு நிற்கும். பாடலாசிரியரின் உரிமை இதனின் வேறு. அது அவர் மறைவுக்குப் பின் எண்ணப்படும். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை மெய்யப்பனிடம் இருந்ததும், 1949-இல் பாரதி படைப்புகளின் உரிமையைச் சென்னை அரசு பெற்றதும் இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். தட்டை வாங்கியவர் பொருளுக்கே உரியவர். அதில் உள்ள சொல்லுக்கு அல்லர்.

முடிவுரை

புகழ்பெற்ற பாடகர்களின் தட்டுகளைப் பலர் தேடுகின்றனர். அவற்றுட் பல மறுவெளியீடும் பெற்றுள்ளன. பேச்சுத்தட்டுகளைத் தேடுவோர் சிலர். ஆதலின் மொழித்துறையினர் தொகுப்பைத் தொடங்குங்கால், முதலில் நாடகத் தொகுதிகளையும் நகைச்சுவைத் தட்டுகளையும் நாடுதல் தகும். இடங்களில் வீடு முதலாவது, பழம்பொருள் கிடங்கு இரண்டாவது, சந்தை மூன்றாவது. ஒவ்வொரு தட்டுக்கும் சீட்டு எண், மூலப்பதிவு எண், கிடைத்த இடம், முன்னர் வைத்திருந்தோர் கூறிய செய்தி ஆகியவற்றைக் கொண்ட குறிப்பட்டை ஒன்றும் எழுதப்பெறல் வேண்டும். பெயர் அறிய விரும்பாத முன்னுடைமையாளர் பெயரை விடுத்து, ஊரையும் தொழிலையும் குறித்தாலே போதுமானது. குறிப்பட்டையற்ற தட்டு ஓர் ஒலிப்பொருளாகவே எஞ்சும். குறிப்பட்டை உடைய தட்டு மும்பைத் தமிழர் எத்தகைய தமிழைக் கேட்டு வாழ்ந்தனர் என்பதற்கு ஆவணமாகும்.