மேற்கு-கிழக்கு திவான் இசைக்குழு

மேற்கு-கிழக்கு திவான் இசைக்குழு என்பது இஸ்ரேலையும் பாலஸ்தீனம் உள்ளிட்ட அரபு நாடுகளையும் சேர்ந்த இளம் கலைஞர்கள் ஒன்றாக வாசிக்கும் சிம்பொனி இசைக்குழு ஆகும். இசை நடத்துநர் டானியல் பாரன்பாயிமும் பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீத்தும் இதனை 1999-இல் தொடங்கினர். சமாதானத்தை நாடும் கலை முயற்சிகளுக்குப் பணம் மட்டும் போதாது, இடமும் பாதுகாப்பும் தரும் புரவலர்களும் தேவை என்பதை இக்குழுவின் வரலாறு காட்டுகிறது.

தோற்றம்

பாரன்பாயிம் 1942-இல் அர்ஜென்டினாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் இஸ்ரேலில் குடியேறியவர். சயீத் 1935-இல் ஜெருசலேமில் பிறந்தவர். நெருங்கிய நண்பர்களான இவ்விருவரும் ஜெர்மனியின் வைமர் நகரில் நடத்திய பயிற்சி முகாமிலிருந்து இக்குழு உருவானது. 1999-இல் வைமர் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தது. அந்நகரில் வாழ்ந்த கவிஞர் கோத்தேயின் 250-ஆவது பிறந்த ஆண்டும் அதுவே. பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் மீது கொண்ட ஈர்ப்பால் கோத்தே எழுதிய கவிதைத் தொகுப்பின் பெயரே குழுவுக்குச் சூட்டப்பட்டது. நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாம் இருந்த இடமும் வைமருக்கு அருகில்தான் உள்ளது.

சிம்பொனி இசைக்குழுவில் வயலின், செல்லோ வாசிப்பவர்கள் இருவர் இருவராக அமர்ந்து ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசிப்பார்கள். இருவரின் வில்லும் ஒரே திசையில் செல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எழுப்பும் ஒலியைக் கேட்காமல் வாசிக்க முடியாது. எனவே, பகை நாடுகளிலிருந்து வந்தவர்களும் முதலில் ஒருவரை ஒருவர் செவிமடுக்கப் பழக வேண்டியிருந்தது.

புரவலர்கள்

இஸ்ரேலியரும் சிரியரும் லெபனானியரும் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் எளிதில் செல்ல இயலாது. ஆகவே பொதுவான ஓர் இடம் தேவைப்பட்டது. 2002 முதல் ஸ்பெயினின் அந்தலூசியா மாநில அரசு செவில் நகரை ஒட்டிய பகுதியில் கோடைகாலப் பயிற்சிக்கு இடமும் நிதியும் அளித்தது. முஸ்லிம்களும் யூதர்களும் கிறித்தவர்களும் நூற்றாண்டுகளாக அருகருகே வாழ்ந்த நிலம் அது.

2003-இல் சயீத் மறைந்தார். 2005 ஆகஸ்டில் குழு பாலஸ்தீனத்தின் ரமல்லா நகரில் வாசித்தது. அங்கு செல்ல இஸ்ரேலியக் குடிமக்களுக்குத் தடை இருந்தது. சிரிய, லெபனான் கலைஞர்களோ இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் உள்ள எல்லையைக் கடக்க வேண்டியிருந்தது. ஸ்பெயின் அரசு குழுவினருக்கு ராஜதந்திரக் கடவுச்சீட்டுகளை வழங்கிய பிறகே பயணம் சாத்தியமானது. பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி அன்று ரமல்லாவில் ஒலித்தது.

விமர்சனமும் தொடர்ச்சியும்

இத்தகைய கூட்டு நிகழ்ச்சிகள் ஆக்கிரமிப்பை இயல்பான ஒன்றாகக் காட்டிவிடும் என்று பாலஸ்தீனப் புறக்கணிப்பு இயக்கத்தினர் குறைகூறினர். 2006-இல் லெபனான் போர் மூண்டபோது குழுவுக்குள்ளேயே கடும் மனவருத்தம் எழுந்தது. இசையால் சமாதானம் வந்துவிடும் என்று பாரன்பாயிமும் கூறவில்லை. ஒருவரைப் பற்றி ஒருவர் அறியாதிருக்கும் நிலையை மாற்றுவதே குழுவின் நோக்கம் என்று அவர் விளக்கினார்.

பின்னர் ஜெர்மன் அரசின் ஆதரவுடன் பெர்லினில் பாரன்பாயிம்-சயீத் அகாடமி அமைந்தது. 2016-இல் அங்கு வகுப்புகள் தொடங்கின. இசையோடு தத்துவமும் வரலாறும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. தன் கலைஞர்களின் தாய்நாடுகள் அனைத்திலும் வாசிக்க வேண்டும் என்ற குழுவின் விருப்பம் மட்டும் இன்னும் நிறைவேறவில்லை.