சொன்னவர் யார்?

கொச்சியில் மட்டாஞ்சேரிக்குச் செல்வோரை முதலில் எதிர்கொள்வது மணம். யூதர் தெருவிலும் அதனை ஒட்டிய கடைவீதியிலும் உள்ள பழைய பண்டகசாலைகளில் மிளகும் சுக்கும் ஏலமும் நெடுங்காலம் குவிந்து கிடந்திருக்கின்றன. இன்று அவற்றுட் பல பழம்பொருட் கடைகளாகவும் உணவு விடுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் மணம் முற்றும் நீங்கிவிடவில்லை. மணத்தைப் பிடிக்க வல்ல காமிரா இன்னும் தோன்றவில்லை. அவ்வாறிருந்தும், சமையல் நிகழ்ச்சிகளுக்காகப் படமெடுப்போர் பல நாடுகளிலிருந்தும் இத்தெருவை நாடி வருகிறார்கள். சமையற்கலைஞர் ஒரு பிடி மிளகை அள்ளி முகர்ந்து பார்ப்பார். பின்னர் கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்குச் சென்று சீனவலையின் அடியில் நின்று மீனைப் பொரிப்பார். அந்த வலைகள் சீனச் சக்கரவர்த்தியின் தூதர்கள் கொண்டுவந்தவை என்று ஒரு வாக்கியம் சொல்வார். மீனும் வெந்துவிடும்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சற்றே நிறுத்திப் பார்ப்போம். குப்ளாய் கானின் அவையிலிருந்து வலைகள் வந்தன என்பது ஒரு மரபு. செங் ஹோ என்னும் சீனக் கடற்படைத் தலைவரோடு வந்தன என்பது மற்றொரு மரபு. போர்த்துக்கீசியரே அவற்றை மக்காவோவிலிருந்து இங்குக் கொணர்ந்திருக்கலாம் எனக் கருதும் அறிஞரும் உளர். வலையின் உறுப்புகள் சிலவற்றுக்கு மலையாளத்தில் வழங்கும் பெயர்கள் போர்த்துக்கீசியச் சொற்களாக இருப்பதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். இம்மூன்றையும் எடுத்துரைக்க இன்னும் அரை நிமிஷம் தேவைப்படும். சமையலும் தோட்டக்கலையும் வானநூலும் விளங்காப் புதிர்களும் தொலைக்காட்சியில் இடம்பெற்ற வரலாற்றை நோக்கினால், அந்த அரை நிமிஷத்தைச் செலவிட்டவர்களும் செலவிட மறுத்தவர்களும் என இரு சாராரை நாம் காண்கிறோம்.

இவ்வகை நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியோடு உடன்பிறந்தவை. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி லண்டனில் அலெக்ஸாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.ஸி. தனது முறையான ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அம்மாதமே மிடில்டன் என்பவர் தோட்ட வேலையைப் பற்றிக் காமிராவின் முன் பேசினார். 1937 ஜனவரியில் மார்செல் பூலெஸ்டான் என்னும் பிரெஞ்சுக்காரர் சமைத்துக் காட்டினார். மிடில்டன் புதியவரல்லர், வானொலியில் தோட்டப் பிரசங்கங்கள் செய்து நாடறிந்தவர். குரலால் மண்ணைக் கொத்தக் கற்பித்தவரிடமே மண்வெட்டியையும் கொடுத்தார்கள் எனலாம்.

இங்கு ஒரு வேற்றுமை உண்டு. வானொலிப் பிரசங்கி எதனையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இச்செய்தி எங்கிருந்து கிடைத்தது, யார் கண்டது என்பதையும் அவர் வாய்விட்டுக் கூறினாலன்றிக் கேட்பவர் நம்புவதற்கு வழியில்லை. தொலைக்காட்சியிலோ படமே சாட்சியாகி விடுகிறது. கண்ணால் காண்பதும் பொய் என்று நம் பெரியோர் எச்சரித்திருந்தும், படத்தைக் கண்டபின் ‘சொன்னவர் யார்?’ என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

இக்கேள்விக்கு விடையளித்த மிகச் சிறந்த நூல்களுள் ஒன்று கொச்சியிலேயே உருவாயிற்று என்பது நினைக்கத்தக்கது. 1670-களில் இங்கு டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த வான் ரீட் என்பவர் மலையாள நாட்டுச் செடிகொடிகளைத் தொகுக்க முற்பட்டார். ‘ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ்’ என்னும் அந்நூல், 1678 முதல் 1693 வரையில் ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக லத்தீன் மொழியில் வெளிவந்தது. அதில் விளக்கம் பெற்ற செடிகள் 742. ஒவ்வொன்றுக்கும் பெரிய அளவில் படம். படத்தின் மேல் செடியின் பெயர் லத்தீன் எழுத்தில் மட்டுமன்றி மலையாள, அரபி, நாகரி எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டது. அக்காலத்துக்கு இது ஒரு தொலைக்காட்சிதான். கொச்சியைக் காணாத ஐரோப்பியர் தம் மேசையின் மீது தென்னையையும் பலாவையும் கண்டனர்.

படத்தினும் சிறந்தது ஒன்று முதற்பாகத்தின் முகப்பில் இருக்கிறது. சேர்த்தலைக்கு அருகில் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், தாம் அறிந்த மூலிகைகளின் பெயரையும் குணத்தையும் துபாஷி மனுவேல் கர்னேருவுக்குச் சொல்லிக் கொடுத்ததாகத் தம் கையால் எழுதித் தந்த சான்றிதழ், 1675 ஏப்ரல் 20-ஆம் தேதியிட்டு, கோலெழுத்திலேயே செதுக்கி அச்சிடப்பட்டுள்ளது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரின் சான்றிதழ் நாகரி எழுத்தில் உள்ளது. மட்டாஞ்சேரியில் இன்றும் பெருந்தொகையாய் வாழ்கின்ற கொங்கணி மக்களின் முன்னோர் கையெழுத்து அது. துபாஷியின் உறுதிமொழியும் உண்டு. மலையாளத்தில் சொன்னது போர்த்துக்கீசியத்துக்கும், பின்னர் லத்தீனுக்கும் சென்றது. அவ்வழியில் யார் யார் கைபட்டது என்பது மறைக்கப்படவில்லை. மலையாள எழுத்துகள் முதன்முதல் அச்சேறியதும் இந்நூலில்தான் என்பர்.

ஆளுநர் நினைத்திருந்தால் இப்பெயர்களை விட்டிருக்கலாம். கேட்பார் எவரும் இல்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் பலர் விட்டும்விட்டனர். லின்னேயஸ் என்னும் தாவர நூலார் தமது பெயரீட்டில் இந்நூலின் படங்களைப் பெரிதும் பயன்படுத்திக் கொண்டார். ஆனால் கோலெழுத்து வழக்கிழந்த பின் இட்டி அச்சுதனின் சான்றிதழைப் படிப்பாரும் அருகினர். தாவர நூற் பேராசிரியர் கா.சு. மணிலால் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு இந்நூலை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பெயர்த்தார். ஆங்கிலப் பதிப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இலும், மலையாளப் பதிப்பை 2008-இலும் வெளியிட்டது. சொன்னவரின் நாட்டு மொழிக்கு அவர் சொன்னது திரும்பி வர மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

செடியிலிருந்து பயிருக்கு வருவோம். சொன்னவரின் பெயரை உழவரே பொருளுக்கு இட்ட வேடிக்கையும் நம் நாட்டில் நிகழ்ந்ததுண்டு. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லைப் பற்றி அகில இந்திய வானொலி இடைவிடாது எடுத்துரைத்தது. தஞ்சை வட்டாரத்து விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டனர். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் அதனை உருவாக்கியோரின் உழைப்பு இப்பெயரில் மறைந்துபோயிற்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் நெல் பொய்த்திருந்தால் பழி யாரைச் சேரும் என்பதில் அவர்களுக்கு ஐயமிருந்திராது. 1967 ஜனவரி 26-ஆம் தேதி டில்லியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்காகத் தொடங்கிய ‘கிருஷி தர்ஷன்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும், 1975-இல் சென்னை நிலையம் திறந்த பின் நாம் கண்ட ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியும் இவ்வழி வந்தவையே. அவற்றில் பேசிய விவசாய அதிகாரியின் பெயரும் அலுவலகமும் திரையில் எழுதப்பட்டன. அழகு குறைவுதான், ஆனால் மறுநாள் காலை அவரைத் தேடிச் சென்று சண்டையிடலாம்!

கேரளத்தின் நிலை விந்தையானது. 1963 நவம்பர் 21-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ராக்கெட் விண்ணிற் பாய்ந்தது. எனினும் தொலைக்காட்சி அம்மாநிலத்தை எட்டியது 1980-களில்தான். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக் கோள் ஒன்றின் வாயிலாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு விவசாயமும் சுகாதாரமும் கற்பிக்கும் நிகழ்ச்சிகளை இந்தியா அளித்தது. கேரளமும் தமிழ்நாடும் அவற்றில் சேரவில்லை. ஆனால் அந்நிகழ்ச்சிகளை நேரே பெறும் சாதனம் ஒன்று கொழும்பில் ஒரு வீட்டில் நம் பொறியியலாரால் பொருத்தப்பட்டது. அவ்வீட்டுக்காரர் ஆர்தர் ஸி. கிளார்க். பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக் கோள்களால் உலகெங்கும் ஒலியும் ஒளியும் பரப்பலாம் என்று 1945-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அவர். அவரை மீண்டும் சந்திப்போம்.

வானநூல் நிகழ்ச்சிகளில் நெடுங்காலம் நின்றது பி.பி.ஸி.யின் ‘ஸ்கை அட் நைட்’. 1957 ஏப்ரல் 24-ஆம் தேதி தொடங்கிய அதனை, 2012-இல் தாம் மறையும் வரை பேட்ரிக் மூர் நடத்தி வந்தார். நம் நாட்டிலோ இரண்டு சூரிய கிரகணங்கள் கதையைச் சொல்லிவிடும். 1980 பிப்ரவரி 16-ஆம் தேதி கர்நாடகம், ஆந்திரம் வழியே முழுக்கிரகணத்தின் நிழல் சென்றது. வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. மக்கள் வெளியே வந்து கண்ணைக் கெடுத்துக் கொள்ளாதிருக்கும் பொருட்டுத் தொலைக்காட்சி ஒரு திரைப்படத்தைக் காட்டிற்று. வானத்தில் நடப்பதைக் காட்டப் பிறந்த கருவி, வானத்தை மறைக்கும் திரையாக அன்று பயன்பட்டது! 1995 அக்டோபர் 24-ஆம் தேதி வடநாட்டில் முழுக்கிரகணம் நிகழ்ந்தபோது அதே தூர்தர்ஷன் அதனை நேரடியாக ஒளிபரப்பியது. விஞ்ஞானி யஷ்பால் உடனிருந்து விளக்கம் கூறினார். ‘டர்னிங் பாயிண்ட்’ என்னும் நிகழ்ச்சியில் பொதுமக்களின் கேள்விகளுக்கு விடையளித்து வந்தவர் அவர். பதினைந்தாண்டுகளில் கிரகணம் மாறவில்லை. காட்டுவோரின் மனம் மாறியிருந்தது.

இனிப் புதிர்கள். இவ்வகையில் பேர்பெற்ற தொடரைத் தொகுத்தளித்தவர் நாம் முன்னர்க் கண்ட கிளார்க்தான். 1980-இல் பிரிட்டனில் ஒளிபரப்பான அத்தொடரில் அவர் இலங்கையிலிருந்தே தோன்றிப் பேசினார். அதில் அவர் செய்த பாகுபாடு பயனுள்ளது. முன்பு மருட்டி இப்போது விளங்கிவிட்டவை முதல் வகை. முழுதும் விளங்காவிடினும் விளங்கும் வழி புலப்படுபவை இரண்டாம் வகை. விளக்கமே எட்டாதவை மூன்றாம் வகை. எந்தப் புதிரையும் காட்டும் முன் அது எவ்வகை என்று சொல்லிவிடுவது, நாம் முதலில் குறித்த அரை நிமிஷத்தைச் செலவிடுவதாகும்.

கொச்சிக்குத் தெற்கேயுள்ள கோட்டயம் மாவட்டத்தில் நிகழ்ந்தது ஒன்றை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். 2001 ஜூலை 25-ஆம் தேதி சங்ஙனாச்சேரியில் சிவப்பு மழை பெய்தது. செப்டம்பர் வரையில் கேரளத்தின் பல இடங்களில் அவ்வாறே பெய்தது. வெளியே உலர்த்தியிருந்த துணிகளில் கறை படிந்தது. முதல் மழைக்கு முன் பேரிடியோசை கேட்டது என்று சிலர் கூறினர். எரிகல் ஒன்று வெடித்துத் தூளாகியிருக்கும் என்பது முதலில் எழுந்த கருத்து. மழைநீரை உருப்பெருக்கியில் நோக்கியபோது காணப்பட்டவையோ தூசியல்ல, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு மேற்படாத சிவந்த நுண்ணுயிர்க் கூறுகள். புவி அறிவியல் ஆராய்ச்சி மையமும், பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையமும் அவற்றை வளர்த்துப் பார்த்தன. மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் டிரென்டிபோலியா என்னும் பாசியின் விதைத்துகள்கள் என்று அவ்வாண்டு நவம்பரிலேயே அறிக்கை தந்தன. சங்ஙனாச்சேரிப் பகுதியின் மரங்களிலும் அப்பாசி மண்டிக் கிடந்தது.

ஆனால் உலகம் அறிந்தது இதையன்று. கோட்டயத்து மகாத்மா காந்திப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலார் இருவர், அவை விண்வெளியிலிருந்து வந்த உயிர்க்கூறுகளாகலாம் என்று 2006-இல் ஒரு விஞ்ஞான ஏட்டில் எழுதினர். கருத்தை வெளியிட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. பெயரிட்டு, காரணங் காட்டி எழுதினார்கள். குறை அதனை எடுத்துக் காட்டியோரில் பலரிடம் உள்ளது. வேற்றுலகத்து உயிர் கேரளத்தில் பொழிந்ததோ என்ற கேள்வி திரையில் முழங்கியது. ஐந்தாண்டுகளுக்கு முன்பே வந்திருந்த அறிக்கை ஒரு மூலையில் நின்றது. பாலோட்டு நிலையத்தார் கண்ணாடிக் குடுவையில் பொறுமையோடு பாசி வளர்த்ததைப் படமெடுத்தால் பார்ப்பார் குறைவு என்று எண்ணினர் போலும். பாசி வளர்வது மெல்லத்தான். சமையலில் மட்டும் வேகும் வரை காத்திருக்கிறோம்!

கிளார்க்கின் பாகுபாட்டில் சிவப்பு மழை எவ்வகை? நிறம் எதனால் வந்தது என்ற கேள்வி முதல் வகையைச் சேர்ந்துவிட்டது. 2015-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று அப்பாசி இன்ன இனம் என்றும் கூறியது. அதற்கு முன் அவ்வினம் அறியப்பட்டிருந்த நாடு ஆஸ்திரியா! உள்ளூர் மரங்களில் ஒரே சமயத்தில் முதிர்ந்து காற்றில் ஏறினவா, கடல் கடந்த மேகங்களில் மிதந்து வந்தனவா, அத்துணைத் துகள்கள் மேகத்தை எட்டியது எவ்வாறு என்பவை இன்னும் இரண்டாம் வகையிலேயே நிற்கின்றன.