டால்டா டின் மூடியும் ஒரு புள்ளிமானும்

நவம்பர் வந்தால் எங்கள் கிளையில் பென்ஷன்காரர்கள் கூட்டம். 'இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று வருடம் ஒருமுறை வங்கிக்கு நிரூபிக்க வேண்டிய மாதம். செல்போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் இந்த ஹல்த்வானிப் பெரியவர்கள் கேட்பதில்லை. நேரில் வந்து, ஒரு டீ குடித்து, மேனேஜரிடம் நாலு வார்த்தை பேசினால்தான் அவர்களுக்கு உயிரோடு இருப்பதாக அர்த்தம்.

அவர்களில் ஒருவருக்கு வயது எண்பத்தெட்டு. போன நவம்பரில் உள்ளே நுழைந்ததுமே எங்கள் செக்யூரிட்டியைப் பிடித்துக்கொண்டார். கார்டு தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், குழல் முனை பாஸ்புக் வரிசையைப் பார்த்தபடி. "காலியாக இருந்தாலும் முனை மனிதர்களைப் பார்க்கக் கூடாது" என்று பெரியவர் போட்ட சத்தத்தில் கேஷ் கவுண்டரே திரும்பிப் பார்த்தது.

சமாதானப்படுத்த வேண்டுமே என்று, "பாபுஜி, நானும் சுட்டிருக்கிறேன்" என்றேன். திருச்சியில் பி.காம். படித்தபோது என்.சி.சி.யில், .22 ரைபிளில் ஐந்து ரவுண்டு. (பாயின்ட் டூ டூ என்றுதான் சொல்வோம்.) "குரூப்பிங் எப்படி?" என்றார் உடனே. மூன்று பேப்பரில், இரண்டு மண்மேட்டில் என்று உண்மையைச் சொன்னேன். மனிதர் சிரித்து உட்கார்ந்தவர், ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அந்த ஐந்து ரவுண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குச் சொல்லித்தந்த ஹவில்தார் இந்திக்காரர். "மஜ்பூத் பகட், துருஸ்த் ஷிஸ்த், துருஸ்த் டிரிகர் ஆபரேஷன்" என்று கத்துவார். நாங்கள் ஸ்கந்த சஷ்டி கவசம் மாதிரி திருப்பிச் சொல்வோம். அர்த்தம் ஒருத்தனுக்கும் தெரியாது. உறுதியான பிடி, சரியான குறி, சரியாக விசையை இழுப்பது என்று எனக்குப் புரிந்தது, வடக்கே மாற்றலாகி வந்து இந்தி பிடிபட்ட பிறகுதான். 25 கெஜ தூரத்தில் இருந்த பேப்பரை நான் தவறவிட்டதற்கு மொழிப் பிரச்சினையும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

சின்ன ரைபிளில் பழகிப் பெரிய ரைபிளுக்குப் போகும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்று இரவே தேட ஆரம்பித்தேன். வணிகவியல் படித்தவனுக்குப் பிடித்த பதில்தான் கிடைத்தது: செலவு. பெரிய தோட்டா விலை அதிகம், சத்தம் அதிகம், சுட நீண்ட மைதானம் வேண்டும். 1880களில் பிரிட்டிஷ் ராணுவம் மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் குழலுக்குள் 'மாரிஸ் டியூப்' என்ற மெல்லிய குழலைச் செருகி, சின்னத் தோட்டா போட்டுச் சிப்பாய்களைப் பழக்கியது. 1887ல் அமெரிக்காவில் இன்றைய .22 'லாங் ரைபிள்' தோட்டா வந்தது. அதன் ஈயக் குண்டின் எடை சுமார் 2.6 கிராம். தோளில் உதைப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

பிறகு 1899 முதல் 1902 வரை போயர் யுத்தம். தென்னாப்பிரிக்கப் புல்வெளியில் சின்ன வயசிலிருந்தே மான் இனங்களைச் சுட்டு வளர்ந்த விவசாயிகள், சம்பளம் வாங்கும் பிரிட்டிஷ் சிப்பாய்களைத் தூரத்திலிருந்தே திணறடித்தார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு லார்ட் ராபர்ட்ஸ் போன்றவர்கள் இங்கிலாந்து முழுக்க 'மினியேச்சர் ரைபிள்' கிளப்புகளுக்காகப் பிரசாரம் செய்தார்கள். குமாஸ்தாவும் மில் தொழிலாளியும் சாயங்காலம் வந்து .22ல் சுட்டுப் பழகினார்கள். நம் என்.சி.சி. 1948ல் தொடங்கியது என்றாலும், அந்த ஐந்து ரவுண்டுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

மானும் கூடவே வந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் 'ஓடும் மான்' என்று ஒரு போட்டி. நிஜ மான் இல்லை, தண்டவாளத்தில் ஓடும் பலகை மான். அதில் தங்கம் வாங்கிய ஸ்வீடன்காரர் ஆஸ்கர் ஸ்வான், 1920ல் தன் 72வது வயதில் அதே வகைப் போட்டியில் அணியோடு வெள்ளியும் வாங்கினார். ஒலிம்பிக்ஸில் பதக்கம் வென்றவர்களிலேயே மூத்தவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். வி.ஆர்.எஸ். பற்றி யோசிக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.

எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காலாடூங்கி. ஜிம் கார்பெட்டின் குளிர்கால வீடு இன்று மியூசியம். அவர் ஏறிய படிகளும் இதே வரிசைதான்: முதலில் உண்டிகோல், அப்புறம் களிமண் உருண்டை எய்யும் வில், அப்புறம் அம்பு, அப்புறம் ஒரு குழல் பிளந்த பழைய மருந்துத் துப்பாக்கி. நைனிதால் கேடட் படையில் சேர்ந்த பிறகு, விடுமுறையில் பழகுவதற்காக சார்ஜென்ட்-மேஜர் ஒரு .450 மார்ட்டினியையே கையில் கொடுத்தார். நிபந்தனை இரண்டு: ரைபிள் சுத்தமாக இருக்க வேண்டும், காலித் தோட்டாக்கள் திரும்பி வர வேண்டும். என்.சி.சி.யில் நாங்களும் காலி கோக்காவைப் பொறுக்கி எண்ணிக் கொடுத்தோம். தணிக்கை எங்கேயும் தணிக்கைதான்.

நம் பெரியவரிடம் வருகிறேன். அவர் அப்பாவுக்குத் தெராயில் நிலம் இருந்தது. பையனுக்குப் பன்னிரண்டு வயதில், 1949ல், ஒரு .22 கொடுத்தார். தினம் சாயங்காலம் பத்துத் தோட்டா, அதற்கு மேல் கிடையாது. குறி, ஐம்பது தப்படி தூரத்தில் கட்டிய டால்டா டின் மூடி. படுத்து, உட்கார்ந்து, நின்று, மூன்று நிலையிலும் ஐந்துக்கு ஐந்து மூடியில் விழும்வரை பெரிய ரைபிளைத் தொடக் கூடாது. இரண்டு குளிர்காலம் ஆயிற்றாம்.

அடுத்த குளிர்காலம் பர்மிட் வாங்கினார்கள். காடுகளை 'ஷூட்டிங் பிளாக்' என்று பிரித்து, எது எத்தனை சுடலாம் என்று எழுதிக் கொடுத்த காலம். முந்தின நாள் பெரிய ரைபிளில் இரண்டே ரவுண்டு சுட்டுப் பார்த்ததில் தோள் கன்றிவிட்டது. மறுநாள் விடியற்காலை, சால் மரக் காட்டின் ஓரத்தில், எண்பது தப்படியில் கொம்புள்ள ஒரு சீத்தல். நம்மூர்ப் புள்ளிமான்தான். பிடி சரி, குறி சரி. விசையை இழுக்கும் கணத்தில் மனசு மறந்ததை உடம்பு நினைத்துக்கொண்டது. உதை வரப்போகிறது என்று தோள் சுருங்கியது. குண்டு வயிற்றில் பட்டது.

முதுகைக் கூனிக்கொண்டு ஓடியதாம். காய்ந்த சருகில் சொட்டுச் சொட்டாக ரத்தம். அப்பாவும் பிள்ளையும் சாயங்காலம்வரை தேடினார்கள். வறண்ட ஆற்றைத் தாண்டியதும் தடம் போய்விட்டது. ராத்திரி வீட்டில் யாரும் பேசவில்லை. "அப்பா அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றார்.

அப்பா அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து வேறு பாடம். பையனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அவரே பெரிய ரைபிளை மூடுவார். உள்ளே தோட்டா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். விசையை இழுக்கும்போது வெறும் 'க்ளிக்' என்றால் குழல் முனை அசையவே கூடாது. அசைந்தால் பயம் இன்னும் உள்ளே இருக்கிறது. மூச்சையும் பிடியையும் விரலையும் .22 சொல்லித் தரும். உதையைத் தாங்க அதனால் சொல்லித் தர முடியாது. மானைப் பார்த்ததும் அடித்துக்கொள்ளும் நெஞ்சை எந்தத் துப்பாக்கியும் சொல்லித் தராது. எனக்கு இதைக் கேட்டதும் புதிதாகச் சேர்ந்த ஆபீசர்கள் நினைவுக்கு வந்தார்கள். டிரெயினிங் சென்டரில் எல்லோரும் நன்றாகத்தான் கடன் கொடுக்கிறார்கள். அது வேறு கதை.

அதற்குப் பிறகு எத்தனை மான் சுட்டீர்கள் என்று கேட்டேன். "கணக்கு இல்லை. ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்."

1972ல் வேட்டைக்கு முழுத் தடை வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த வருடத்து வனவிலங்குச் சட்டத்தில் சில விலங்குகளை லைசென்சுடன் சுட இடமிருந்தது. அந்தக் கதவை மூடியது 1991 திருத்தம். இதில் ஒரு வேடிக்கை, அதே 1972ல்தான் மியூனிக் ஒலிம்பிக்ஸில் ஓடும் குறி .22 ரைபிளுக்கு மாறியது. மானுக்குப் பதில் பன்றிப் படம். மானுக்கு ஒத்திகையாக இருந்த துப்பாக்கிக்குத் தனி வாழ்க்கை வந்துவிட்டது. 2024ல் பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் .22ல்தான். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மண்டியிட்டு, படுத்து, நின்று என்று மூன்று நிலை. டால்டா மூடிக்கும் மூன்று நிலைதானே?

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். பெரியவரிடம் மூன்று இருந்தன: அப்பாவின் பெரிய ரைபிள், ஒரு 12 போர், அந்த .22. மகன்கள் பெரிய ரைபிளைத்தான் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம், மதிப்பு அதிகம் என்று. இவர் அதைத்தான் ஒப்படைத்தார். .22க்கு இன்னும் வாரம் ஒருமுறை எண்ணெய் போடுகிறார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கி, முடிந்ததும் மீட்டு வருகிறார். தோட்டா வாங்குவதில்லை.

பேச்சு முடிந்து படிவத்தை நீட்டினேன். கை நடுங்கியது. போன வருடம் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று எங்கள் கிளார்க் நான்கு தடவை போடவைத்தார். இந்தத் தடவை பேனாவைப் பேப்பரில் ஊன்றி, மூச்சை இழுத்து, பாதி விட்டு நிறுத்தினார். பிறகு ஒரே இழுப்பில் போட்டார்.

கம்ப்யூட்டரில் இருந்த மாதிரியோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சீல் வைத்துக் கொடுத்தேன்.