நாற்காலி மாறியது, நாடு என்ன சொன்னது?

பொதுத் தேர்தல் நெருங்கிவிட்டால் போதும், எங்கள் கிளியனூர்த் தேநீர்க் கடைகளிலே நாள்தோறும் ஓர் அமைச்சரவை அமைகிறது. மாலைக்குள் கவிழ்ந்தும் விடுகிறது. அவருக்குப் பின் யார்? தலைவரை மாற்றினால் கட்சி பிழைக்குமா? மாற்றாவிட்டால் தேயுமா? இவையே பேச்சு. கைரேகை பார்ப்பதை மடமை என்று தள்ளியவர்கள்கூட, அரசியல் ஆரூடம் கூறுவதை மட்டும் அறிவுடைமை என்று எண்ணுகிறார்கள்!

ஆரூடம் எதற்கு, தோழர்களே? அண்டை ஊராம் ஓமந்தூரின் வரலாறு போதுமே!

1947 மார்ச்சுத் திங்களில் அவ்வூர் உழவர் பெருமகன் ஓ. பி. இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். பிரதமர் என்பது அந்நாளில் அப்பதவியின் பெயர். அவருக்கு முன் அமர்ந்திருந்தவர் ஆந்திரத்துத் தலைவர் டி. பிரகாசம். காங்கிரசுச் சட்டமன்றக் கட்சிக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பால் பிரகாசம் இறக்கப்பட்டார். மாகாணக் காங்கிரசுத் தலைவர் காமராசரின் ஆதரவோடு ஓமந்தூரார் ஏற்றப்பட்டார். அந்த மன்றமோ 1946இல் சொத்தும் படிப்பும் உடையவர்க்கே வாக்குரிமை தந்த தேர்தலில் பிறந்தது. கழனியில் நாற்று நட்ட கைக்கு வாக்குச் சீட்டு இல்லை. ஆகவே ஓமந்தூரார் ஏறியபோதும் ஏழை கேட்கப்படவில்லை; இறங்கியபோதும் கேட்கப்படவில்லை.

ஆயினும் ஈராண்டிலே அவர் ஆட்சி செய்தது கொஞ்சமன்று. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல் வந்தது. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டோர்க்குக் கோயிற் கதவைத் திறக்கும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. சமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948இல் நிறைவேறியது. இவற்றினும் பெரிது, 1947 நவம்பரில் திருத்தப்பட்ட வகுப்புரிமை ஆணை. பதினான்கு இடங்கள் நிரப்பப்படுமானால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதித்திராவிடருக்கு 2, முசுலிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறித்தவர்க்கும் சேர்த்து 1 என்று அது பங்கிட்டது. பிற்படுத்தப்பட்டோர்க்கெனத் தனிப் பங்கு பிறந்தது அந்த ஆணையிலேதான். தாடியில்லாத இராமசாமி நாயக்கர் என்று அவர் கட்சிக்காரரே அவரைக் குத்திக் காட்டினர் என்பர். நமக்கு அது வசையா? வாழ்த்தல்லவா!

புகழுரை மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது. அதே ஓமந்தூரார் ஆட்சிதான் 1948இல் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. பள்ளிகளில் இந்தியைப் புகுத்தித் தமிழரைப் போராட்டக் களத்துக்கு அழைத்தது. நம் இயக்கம் எதிர்க்க வேண்டியதை எதிர்த்தது. எதிர்த்தோம் என்பதற்காக, அவர் செய்த நன்மையை மறைத்தல் நேர்மையாகாது.

1949 ஏப்பிரலில் அவரும் இறங்கினார். கட்சிக்குள் அதிருப்தி முற்றியது. பரிந்துரையோடு வந்தவரை வாயிலிலேயே நிறுத்தும் முதலமைச்சரைப் பலருக்குப் பிடிக்கவில்லை. பூ. ச. குமாரசாமி ராசா அமர்ந்தார். ஓமந்தூரார் வள்ளலாரின் வடலூரைத் தேடிச் சென்று தொண்டில் ஈடுபட்டார். ஒரே மன்றத்தின் ஆயுளில் மூன்று முதல்வர்கள்! மூன்று முறையும் முடிவு கட்சி அறைக்குள்ளே. மக்கள் வாயிலுக்கு வெளியே.

வாயில் திறந்தது 1952இல். வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் அது. 375 இடங்களில் காங்கிரசு பெற்றவை 152. முதலமைச்சர் குமாரசாமி ராசாவே தோற்றார். அமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். நம் தென்னார்க்காட்டிலே என்ன நடந்தது? புறக்கணிக்கப்பட்டோம் என்று குமுறிய வன்னிய உழவர்கள், எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியைத் தூக்கி நிறுத்தினர். அக்கட்சி 19 இடங்களை வென்றது.

பாடம் கற்றார்களா? இல்லை. தேர்தலில் நில்லாத இராசாசியை மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி, அந்த வழியாக முதலமைச்சராக்கினர். கொல்லைப்புற வழியில் வந்த ஆட்சி, 1953இல் குலக்கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தது. அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில்! நாடு கொதித்தது, கட்சியும் கலங்கியது, 1954இல் இராசாசி விலகினார்.

இங்கேதான் வரலாறு ஒரு திருப்பம் கொள்கிறது. அடுத்து வந்த காமராசர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். மேலவை என்னும் எளிய வழி அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் அதை நாடவில்லை. குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்கள் முன் நின்றார். பெரியாரும் ஆதரித்தார், அண்ணாவும் ஆதரித்தார். வென்றார். 1957இல் 205 இடங்களில் 151 அவர் தலைமையில் காங்கிரசுக்குக் கிடைத்தன.

அதே காமராசர் 1963இல் கட்சிப் பணிக்கென விலகினார், பக்தவத்சலம் முதல்வரானார். 1965இல் மொழிக்காக மாணவர் குருதி சிந்தினர். புதிய தலைமை துப்பாக்கியால் பதில் சொன்னது. 1967இல் வாக்குச் சீட்டு பதில் சொன்னது: திராவிட முன்னேற்றக் கழகம் 137 இடங்களில் வென்றது; பக்தவத்சலமும் தோற்றார், காமராசரும் தோற்றார்.

இந்த அளவுகோலை நம்மவர்க்கும் வைக்க வேண்டும். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தபின் கலைஞர் தலைமை ஏற்றதும் சட்டமன்றக் கட்சியின் முடிவே. ஆயினும் ஆயுள் முடியுமுன்னரே 1971இல் மக்கள் மன்றத்துக்குச் சென்றார். 234இல் 184 இடங்கள் கிடைத்தன.

ஆகவே, தலைவரை மாற்றினால் கட்சி வெல்லுமா என்பது அரைகுறைக் கேள்வி. எதற்காக மாற்றினார்கள்? வந்தவர் எந்தத் திட்டத்தை நிறுத்தினார், எதைத் தொடர்ந்தார்? மக்கள் முகத்தை நேரே பார்த்தாரா? இவையே முழுக் கேள்விகள். 1946இல் கேட்பாரற்றுக் கிடந்த ஏழைக்கு இன்று வாக்கு உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் யார் என்று வேடிக்கை பார்ப்பது, உழவன் தன் ஏரை விற்றுவிட்டு மழை ஆரூடம் கேட்பதற்கு ஒப்பாகும்.

தலைவரைத் தேர்வது கட்சியின் உரிமையாக இருக்கலாம். கணக்குக் கேட்பது நம் உரிமை. தேநீர்க் கடைப் பேச்சு அந்தக் கணக்கிலிருந்து தொடங்கட்டும்!