நாடாளுமன்ற உறுப்பினர் சம்பளமும் படிகளும்: வடசென்னைத் தொகுதி வழியே ஒரு வரலாறு

இந்திய நாடாளுமன்றத்தின் செலவு மூன்று தனிக் கணக்குகளில் ஓடுகிறது. உறுப்பினர்களின் சம்பளம், படிகள், ஓய்வூதியம் ஆகியவை 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படுகின்றன. மக்களவை, மாநிலங்களவைச் செயலகங்களின் செலவு, அரசியலமைப்பின் 98ஆம் பிரிவு அந்தச் செயலகங்களுக்குத் தந்துள்ள தனி நிலையைச் சார்ந்தது. மூன்றாவது, தொகுதி மேம்பாட்டு நிதி. இதற்குத் தனிச் சட்டம் கிடையாது, மத்திய அரசின் திட்டமாகவே நடக்கிறது. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் ‘எம்.பி. ஃபண்டு’ என்று பேசப்படுவது இந்த மூன்றாவது மட்டுமே. அந்தப் பணம் உறுப்பினரின் கைக்கு வருவதே இல்லை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ‘எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி’ என்ற தவறான பேச்சு நிலைத்துவிட்டது.

இந்த வரலாற்றைப் பார்க்க வடசென்னைத் தொகுதி பொருத்தமானது. துறைமுகக் கூலிகளும் ஆலைத் தொழிலாளர்களும் மீனவர்களும் வாழும் இந்தப் பகுதியிலிருந்து சொத்தில்லாத ஒருவர் டெல்லிக்குப் போய் ஐந்து ஆண்டுகள் உட்கார வேண்டுமானால், அவருக்குச் சம்பளம் வேண்டும். சம்பளம் என்ற ஏற்பாட்டின் மூல நியாயம் இதுதான்.

தொழிலாளர் கோரிக்கையாகத் தொடங்கியது

பிரிட்டனில் 1838ஆம் ஆண்டு சாசன இயக்கம் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் உறுப்பினர்களுக்குச் சம்பளம் என்பதும் ஒன்று. அது நிறைவேற எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தொழிற்சங்கங்கள் தங்கள் நிதியிலிருந்து உறுப்பினர்களுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று 1909இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சங்கத்துக் காசை நம்பியிருந்த தொழிலாளர் பிரதிநிதிகள் நிலைகுலைந்தார்கள். அதன் பிறகே, 1911இல், ஆண்டுக்கு 400 பவுண்டு என்று சம்பளம் வந்தது.

இந்தியாவில் பணத்துக்கு முன்பு நிர்வாகத்துக்கான போராட்டம் நடந்தது. மத்திய சட்டசபையின் ஊழியர்கள் அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டிருந்தால் சபை எப்படி அந்த அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் என்று சபைத் தலைவர் விட்டல்பாய் படேல் வாதாடினார். சபைக்குத் தனி அலுவலகம் வேண்டும் என்று 1928 செப்டம்பரில் மோதிலால் நேரு தீர்மானம் கொண்டுவந்தார். 1929 ஜனவரி 10 அன்று சபைத் தலைவரின் கட்டுப்பாட்டில் தனித் துறை உருவானது. இன்றைய மக்களவைச் செயலகம் அதன் நேர் வாரிசு. இந்தியச் சட்டமன்ற வரலாற்றில் பெரிதாகப் பேசப்படாத வெற்றி இது. பேசப்பட வேண்டிய வெற்றி.

அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர்களுக்கு நாளொன்றுக்கு 45 ரூபாய் படி. 1949 மே மாதம், நாட்டின் பொருளாதார நெருக்கடியைச் சுட்டி அதை 40 ரூபாயாகக் குறைக்கச் சொன்னவர் மதராஸ் மாகாண உறுப்பினர் வி. ஐ. முனுசாமிப் பிள்ளை. 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்ற தாழ்த்தப்பட்டோர் தலைவர் அவர். சபை அதை ஏற்றுக்கொண்டது. ஐந்து ரூபாயால் கஜானா நிரம்பிவிடாது என்பது சபைக்குத் தெரியும். தன் செலவைத் தானே தீர்மானிக்கும் சபை அதைத் தானாகக் குறைத்துக்கொண்டதுதான் இதில் முக்கியம்.

நானூறு ரூபாய்க் காலம்

அரசியலமைப்பின் 106ஆம் பிரிவு, உறுப்பினர்களின் சம்பளத்தை நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தீர்மானிக்கலாம் என்றது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் 400 ரூபாய் சம்பளமும், நாளொன்றுக்கு 21 ரூபாய் படியும், ரயில் பாஸும் தந்தது. விதிகளை வகுக்க இரு அவைகளின் 15 பேர் கொண்ட கூட்டுக் குழு ஏற்பட்டது. பத்துப் பேர் மக்களவையிலிருந்து, ஐந்து பேர் மாநிலங்களவையிலிருந்து.

1957 தேர்தலில் வடசென்னை, ‘மதராஸ் வடக்கு’ என்ற பெயரில் தனியொரு தொகுதியாக வந்தபோது வென்றவர் எஸ். சி. சி. அந்தோணிப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கை இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்து, மதராஸுக்கு வந்து பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களின் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர். துறைமுகத் தொழிலாளர்களின் தலைவரும்கூட. அவர் தலைமை வகித்த மதராஸ் தொழிற்சங்கம் 1918இல் பெரம்பூரில் பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று வளர்த்தது. சுயேச்சையாக நின்று வென்ற ஒரு தொழிற்சங்கத் தலைவருக்கு அந்த நானூறு ரூபாயும் ரயில் பாஸும் வெறும் சலுகை அல்ல; அவை இருந்தால்தான் டெல்லி வேலை நடக்கும். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் சென்ட்ரலை விட்டு வடக்கே திரும்பி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னைக் குடியிருப்புகள் வழியாகத்தான் அப்போது டெல்லிக்குப் போனது.

1964இல் சம்பளம் 500 ரூபாய், தினப்படி 31 ரூபாய் ஆனது. 1976இல் ஓய்வூதியம் வந்தது: ஐந்தாண்டு உறுப்பினராக இருந்தவருக்கு மாதம் 300 ரூபாய். இப்படி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எல்லாம் மெதுவாகவே நகர்ந்தது.

இதே தொகுதியிலிருந்து 1980இல் தேர்வான ஜி. லட்சுமணன் அந்த மக்களவையின் துணைச் சபாநாயகரானார். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண உறுப்பினரின் சம்பளம், அவை வாக்களித்து ஒதுக்கும் தொகையிலிருந்து வருகிறது. சபாநாயகர், துணைச் சபாநாயகர் ஆகியோரின் சம்பளம் 112ஆம் பிரிவின்படி இந்தியத் தொகுப்பு நிதியின் மீது சுமத்தப்பட்ட செலவு. அதன் மீது விவாதம் நடக்கலாம், வாக்கெடுப்பு கிடையாது. நடுநிலையில் அவையை நடத்துபவரின் வருமானம் ஆளுங்கட்சியின் பெரும்பான்மையிடம் சிக்கக் கூடாது என்பதற்கான காப்பு அது.

தாமே உயர்த்திக்கொண்ட ஆண்டுகள்

1985இல் ஆயிரம், 1988இல் 1,500, 1998இல் 4,000, 2001இல் 12,000, 2006இல் 16,000 ரூபாய் என்று சம்பளம் ஏறியது. 2010இல் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசுச் செயலாளரின் சம்பளம் அப்போது 80,000 ரூபாய். நெறிமுறை வரிசையில் உறுப்பினர் அவருக்கு மேலே இருக்கிறார் என்பதால் 80,001 ரூபாய் தர வேண்டும் என்று கூட்டுக் குழு பரிந்துரைத்தது. அரசு 50,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டது. போதாது என்று அவையில் கூச்சல் எழுந்ததால், சம்பளத்தை விட்டுவிட்டுத் தொகுதிப் படியையும் அலுவலகப் படியையும் தலா 45,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இடதுசாரிகள் ஒவ்வொரு முறையும் சொன்ன ஆட்சேபம் எளிமையானது: தங்கள் கூலியைத் தாங்களே நிர்ணயிக்கும் உரிமை வேறு எந்தத் தொழிலாளிக்கு உண்டு? அந்த ஆட்சேபம் நியாயமானது என்றே இக்கட்டுரை கருதுகிறது. 2009இல் படிகள் குறித்த ஊழல் வெடித்தபோது பிரிட்டன் அந்த அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு வெளியே ஒரு தனி ஆணையத்திடம் கொடுத்துவிட்டது.

இந்தியா வேறு வழி பிடித்தது. 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சம்பளத்தை ஒரு லட்சமாக்கி, இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருமான வரிச் சட்டத்தில் உள்ள செலவுப் பணவீக்கக் குறியீட்டின்படி அது தானாக மாறும் என்றது. அதன்படி 2025 மார்ச்சில் வந்த அறிவிப்பு 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டுச் சம்பளத்தை 1,24,000 ரூபாயாகவும், தினப்படியை 2,500 ரூபாயாகவும், ஓய்வூதியத்தை 31,000 ரூபாயாகவும் ஆக்கியது. தொகுதிப் படி 87,000, அலுவலகப் படி 75,000. தினப்படிக்கு ஒரு நிபந்தனை உண்டு: அவை கூடும் நாளில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கூச்சலில்லாமல் சம்பளம் உயர வழி கிடைத்தது நல்லதுதான். ஆனால் அவை நடந்த நாட்களுக்கும் செய்த வேலைக்கும் அந்தக் குறியீட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை.

இதனோடு ஒப்பிடும்போது செயலகங்களின் செலவு வெளிப்பார்வைக்கு வருவது குறைவு. அவைகளின் மானியக் கோரிக்கைகள் மரபாகவே விவாதமின்றி நிறைவேறுகின்றன. நாடாளுமன்ற உணவகத்துக்கான மானியம் 2021இல் நிறுத்தப்பட்டபோது அந்தச் செய்தி எல்லா வீட்டையும் எட்டியது. அதைவிடப் பெரிய செலவினங்கள் எட்டுவதில்லை.

எம்.பி. ஃபண்டு

1993 டிசம்பர் 23 அன்று பிரதமர் பி. வி. நரசிம்ம ராவ் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தார். அப்போது வடசென்னையின் உறுப்பினர் தா. பாண்டியன். முதல் ஆண்டில் தலைக்கு 5 லட்சம், அடுத்த ஆண்டு ஒரு கோடி, 1998–99இல் 2 கோடி, 2011–12இல் 5 கோடி ரூபாய். 2005 டிசம்பரில் இந்த நிதியின் வேலைகளைப் பரிந்துரைக்கக் கமிஷன் பேசிய உறுப்பினர்களை ஒரு தொலைக்காட்சி ரகசியக் கேமராவில் காட்டியது. நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் திட்டத்தையே கைவிடச் சொன்னது. 2010 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

நடைமுறை இதுதான். உறுப்பினர் வேலையைப் பரிந்துரைக்கலாம். அனுமதித்து, டெண்டர் விட்டு, பில் பாஸ் செய்வது மாவட்ட நிர்வாகமோ மாநகராட்சியோ. ஆண்டுத் தொகையில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கு, 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கு. கோயில், மசூதி, தேவாலயத்துக்கும் தனியார் சொத்துக்கும் செலவிடக் கூடாது. வேலை முடிந்த இடத்தில் செலவுத் தொகை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, உறுப்பினர் பெயர் எல்லாம் பொறித்த கல் நிரந்தரமாக நிற்க வேண்டும். சத்துணவுக் கூடத்துச் சுவரிலோ ரேஷன் கடை வாசலிலோ அந்தக் கல்லைக் கண்டால் நின்று தொகையைப் படியுங்கள். பொதுக் கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் எழுதப்படுவதில்லை.

வடசென்னைக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தாலும், வருவாய் நிர்வாகத்தில் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தன. ஒரே தொகுதியின் ராயபுரத்துக்கு ஒரு கலெக்டர், எண்ணூருக்கு வேறொரு கலெக்டர்.

தொகையின் அளவையும் பார்க்க வேண்டும். திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது வடசென்னை. 5 கோடியை ஆறாகப் பிரித்தால் தலா 83 லட்சம். தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தொகுதி நிதி 2019 முதல் 3 கோடி ரூபாய். ஆறு பேருக்கும் சேர்த்து 18 கோடி. கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் கேட்டு மக்கள் எம்.பி. அலுவலகத்துக்கு வருவது இயல்பு. ஆனால் அவரிடம் இருப்பது அவர்கள் நினைப்பதில் சிறு பகுதி.

கொரோனா காலத்தில் அதுவும் குறைந்தது. 2020 ஏப்ரலில் உறுப்பினர் சம்பளம் ஓராண்டுக்கு 30 விழுக்காடு வெட்டப்பட்டது. தொகுதி நிதி முழுதாக நிறுத்தப்பட்டது. 2021 நவம்பரில் திட்டம் திரும்பியபோது அந்த ஆண்டுக்கு 2 கோடி மட்டுமே. கலாநிதி வீராசாமி முதன்முறை உறுப்பினராக இருந்த 2019–24 காலத்தில் 25 கோடியாக இருக்க வேண்டிய ஒதுக்கீடு 17 கோடியானது. 2023 ஏப்ரல் முதல் பரிந்துரை, அனுமதி, பணப்பட்டுவாடா எல்லாம் ஒரே இணையதளத்தில் நடக்கின்றன. இந்த நிதி ஆண்டு முடிவில் காலாவதியாவதில்லை. ஒரு மக்களவை உறுப்பினர் செலவழிக்காமல் விட்டது, அதே தொகுதியில் அடுத்து வருபவரின் கணக்கில் சேரும்.