இடம் பார்த்து அடுக்குவது

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 அன்று தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைத்து மணி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எதற்காக என்று பேரன் கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1944ஆம் ஆண்டு. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து 'ஃபோர்ட் ஸ்டிகீன்' என்ற சரக்குக் கப்பல் புறப்பட்டது. அதில் சுமார் 1,400 டன் வெடிமருந்து, பெட்டிகளில் அடைத்த போர் விமானங்கள், தங்கக் கட்டிகள். கராச்சியில் விமானங்களை இறக்கியதும் இடம் காலியாயிற்று. போர்க்காலத்தில் கப்பலில் காலி இடம் விடக்கூடாது. ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், கந்தகம், மரம் எல்லாம் ஏற்றினார்கள். கப்டன் ஆட்சேபித்தும் பயனில்லை.

பிரெஞ்சில் படித்த எங்களுக்கு 'அரிமாஜ்' என்ற சொல் தெரியும். கப்பலின் வயிற்றுக்குள் எந்தச் சரக்கை எதன் பக்கத்தில் வைப்பது என்று இடம் பார்த்து அடுக்கும் வேலை அது. ஃபோர்ட் ஸ்டிகீனின் இரண்டாம் அறையில் கீழே பஞ்சு, அதற்கு மேல் தட்டில் வெடிமருந்து. அவ்வளவுதான் விஷயம்.

சாதாரண நாட்களில் வெடிமருந்துக் கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி, படகுகளில்தான் சரக்கை இறக்குவார்கள். போர் அவசரம் என்று அந்த விதி தளர்த்தப்பட்டது. ஏப்ரல் 12 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் மற்றக் கப்பல்களின் நடுவே அதைக் கட்டினார்கள். அபாயத்தைக் காட்டும் சிவப்புக் கொடியும் ஏற்றவில்லை.

14ஆம் தேதி மதியம் பஞ்சில் புகை. நூற்றுக்கணக்கான டன் தண்ணீர் பாய்ச்சினார்கள். தண்ணீர் ஏற ஏற, எரியும் பஞ்சு மிதந்து மேலே, வெடிமருந்தை நோக்கிப் போயிற்று. 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரை மணி கழித்து இன்னொரு வெடிப்பு. அந்த அதிர்வு சிம்லாவில் இருந்த கருவி வரை பதிவாயிற்று. இறந்தவர்கள் எண்ணூறு என்றும் ஆயிரத்துக்கு மேல் என்றும் கணக்கு மாறுகிறது. அவர்களில் 66 பேர் தீயணைப்புப் படையினர். ஏப்ரல் 14 அவர்களுக்காகத்தான்.

எங்கோ நடந்த கதை என்று என்னால் இதை ஒதுக்க முடியவில்லை. நான் ஓர் அலுவலகத்தில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் தனி இடம் இல்லை என்று, பழைய கோப்புகள் இருந்த அறையிலேயே மண்ணெண்ணெய் டின்களையும் சைக்ளோஸ்டைல் மையையும் வைக்கலாம் என்று குறிப்பு எழுதியவன் நான்தான். 'அவசரம்' என்ற சிவப்புச் சீட்டும் நானே குத்தினேன். பக்கத்து அறையில் பதினான்கு பேர் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். இரண்டு வருடம் அப்படியே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காததற்கு நான் காரணமில்லை. பம்பாயிலும் அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டில் சிலிண்டருக்குப் பக்கத்தில் பழைய செய்தித்தாள் கட்டு இருந்தால், இன்றைக்கே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். நானும் இதை எழுதுமுன் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.